அடிக்கோடு போடாத சொல்

எனக்கு ஒன்பது வயதானபோது அக்கா நர்ஸ் வேலை படிக்கச் சிங்கப்பூருக்குப் போனாள். அம்மா இறந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. அதுவரை எனக்குத் தலை வாரிவிட்டது, பள்ளிச் சட்டைக்குக் கஞ்சி போட்டது, இரவில் பக்கத்தில் படுத்தது எல்லாம் அக்காதான். அவள் போன பிறகு மலாக்காவின் காஜா பெராங்கில் எங்கள் பலகை வீட்டில் நானும் அப்பாவும் மட்டும் மிஞ்சினோம்.

அப்பா நகராட்சியில் தண்ணீர்க் குழாய் பழுது பார்க்கும் வேலையில் இருந்தார். அதிகம் பேச மாட்டார். நான் மத்தியானம் பள்ளி விட்டு வந்தால் மாக்சிக் என்று நான் கூப்பிடும் பக்கத்து வீட்டு அத்தை சோறு போடுவார். அவர் மலாக்கா செட்டி என்ற பழைய தமிழ்க் குடியில் வந்த பெண்மணி. நெற்றியில் விபூதி, வீட்டில் முருகன் படம், வாயைத் திறந்தால் மலாய். எனக்குத் தெரிந்த மலாய் கடைக்குப் போய் உப்பு வாங்க மட்டும் போதும். ஆகவே எங்கள் பேச்சு சோறு, மீன், போதுமா என்பதோடு முடிந்துவிடும். பிறகு வீட்டைத் திறந்துகொண்டு உள்ளே உட்கார்ந்திருப்பேன். அப்பா வர ஐந்து மணியாகும்.

அக்காவின் கடிதம் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வரும். என் ஆங்கிலம் தேற வேண்டும் என்று அவள் ஆங்கிலத்திலேயே எழுதுவாள். ஒவ்வொரு கடிதத்திலும் ஒரு சொல்லுக்குக் கீழே சிவப்பு மையால் கோடு போட்டிருப்பாள். அவள் விட்டுப்போன அகராதியில் அதற்குப் பொருள் தேடி, அதை வைத்து ஒரு வாக்கியம் எழுதி நான் அனுப்ப வேண்டும். ‘கேர்ஃபுல்’ என்ற சொல்லுக்கு, அப்பா மீன் முள் விஷயத்தில் மிகவும் கவனமானவர் என்று எழுதினேன். நல்ல வாக்கியம் என்று பாராட்டிப் பதில் வந்தது. அந்தக் கடிதத்தைத் தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டு தூங்கினேன்.

மலாயாவுக்குச் சுதந்திரம் வரப்போகிற மாதத்தில் வந்த கடிதத்தில் சிவப்புக் கோடு எங்குமே இல்லை. மழை பெய்கிறது, பரீட்சையில் தேறிவிட்டேன் என்றெல்லாம் எழுதிவிட்டு, கடைசி வரியில் தனியாக ‘ஐ மிஸ் யூ’ என்று எழுதியிருந்தாள். கோடு போட மறந்துவிட்டாள் என்று நினைத்தேன். எனக்கு அதுவரை தெரிந்த மிஸ் எங்கள் வகுப்பு ஆசிரியைதான். அது பொருந்தவில்லை. அகராதியைப் பிரித்தேன். குறி தவறுதல். வண்டியைப் பிடிக்கத் தவறுதல். சந்திக்க வந்தவரைக் காண முடியாமல் போதல்.

மூன்றாவது பொருளைப் படித்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. அக்கா வந்திருக்கிறாள். இரண்டு வாரத்துக்கு முந்திய சனிக்கிழமை அப்பா என்னை ஜாலான் துக்காங் எமாஸில் உள்ள பிள்ளையார் கோயிலுக்குக் கூட்டிப்போயிருந்தார். திரும்பும்போது விளக்கு வைத்துவிட்டார்கள். அன்றைக்குத்தான் அவள் வந்து, பூட்டிய கதவைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போயிருக்க வேண்டும். அவ்வளவு தூரம் வந்தும் கோபித்துக்கொள்ளாமல் ஒரே வரியில் எழுதியிருக்கிறாளே என்று அழுகை வந்தது. உடனே வாக்கியம் எழுதினேன்: நான் கோயிலுக்குப் போயிருந்ததால் நீ என்னை மிஸ் பண்ணினாய், இனிமேல் சனிக்கிழமைகளில் நான் வெளியே போக மாட்டேன்.

சொன்னபடியே இருந்தேன். சுதந்திர நாளும் சனிக்கிழமையாக வந்து சேர்ந்தது. பண்டார் ஹிலிர் திடலில் மெர்டேக்கா கொண்டாட்டம். அப்பா எனக்குப் புதுக் கவுன் தைக்கக் கொடுத்து வாங்கி வந்திருந்தார். நான் வரவில்லை என்றேன்.

“ஊரே போவுது பாப்பா. நீ மட்டும் தனியா இருந்து என்ன பண்ணப் போற?”

வேறு வழியில்லாமல் கடிதத்தை எடுத்து வந்து காட்டினேன். அக்கா வந்து போனதையும், அகராதி சொன்ன பொருளையும், இன்றைக்கும் அவள் வரக்கூடும் என்பதையும் சொன்னேன். அப்பாவுக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனாலும் அந்தக் கடைசி வரியை வெகு நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். அக்கா வந்திருந்தால் மாக்சிக் சொல்லியிருப்பாரே என்று மட்டும் கேட்டார். பிறகு, நீ வீட்டிலேயே இரு, நான் போய்விட்டு வருகிறேன் என்று புதுச் சட்டையைப் போட்டுக்கொண்டு கிளம்பினார்.

மாக்சிக் வீடும் பூட்டிக்கிடந்தது. புதுக் கவுனைப் போட்டுக்கொண்டு கதவருகே உட்கார்ந்தேன். தெருவில் ஒரு கோழி கூட இல்லாதது மாதிரி இருந்தது. தூரத்தில் பேண்டு வாத்தியம் கேட்கும், நின்றுவிடும். திரிஷா என்கிற சைக்கிள் ரிக்‌ஷாவின் மணி ஒலிக்கும்போதெல்லாம் எழுந்து போய்ப் பார்த்தேன். இரண்டு முறை யார் யாரோ போனார்கள். அப்பா ஆக்கி வைத்திருந்த சோற்றை அக்கா வந்தபின் சேர்ந்து சாப்பிடலாம் என்று மூன்று மணி வரைக்கும் தொடவில்லை. அப்புறம் பசி தாங்காமல் நானே போட்டுச் சாப்பிட்டேன்.

அப்பா இருட்டும் நேரத்தில் திரும்பினார். என்ன பார்த்தீர்கள் என்று கேட்டேன். நல்ல கூட்டம் என்றார். ஊர்வலம் பார்த்தீர்களா என்றதற்கு, இல்லை என்று சொல்லிவிட்டுக் கால் கழுவப் போனார். மறுநாள் மாக்சிக்தான் எனக்குப் புரியும்படி மெதுவாக மலாயில் சொன்னார். உன் அப்பா நேற்றுப் பகல் முழுக்க பஸ் நிலையத்தில்தான் நின்றாராம், சிங்கப்பூரிலிருந்து மூவார் வழியாக வந்த ஒவ்வொரு பஸ்ஸின் கிட்டேயும் போய்ப் பார்த்தாராம் என்றார். எனக்கு எரிச்சலாக இருந்தது. மெர்டேக்கா பார்க்கப் போன மனிதர் பஸ்ஸை வேடிக்கை பார்த்துவிட்டா வருவார்?

பத்து நாள் கழித்து அக்காவின் பதில் வந்தது. முதல்முறையாகத் தமிழில் எழுதியிருந்தாள். நான் கோயிலுக்குப் போன அன்றைக்கு அவள் வரவேயில்லையாம். ‘இந்தச் சொல்லுக்குத் தமிழில் ஒரே சொல் எனக்குக் கிடைக்கவில்லை. இங்கே சாப்பாட்டு மணி அடித்ததும் எல்லோரும் ஓடுவார்கள். உனக்கு யார் சோறு போட்டிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டு நான் அப்படியே நின்றுவிடுவேன். அதுதான் மிஸ்’ என்று விளக்கியிருந்தாள். சொல்லின் கீழே இந்த முறை கோடும் போட்டு, சரியான வாக்கியம் எழுதி அனுப்பச் சொல்லியிருந்தாள்.

அவள் ஏமாந்து திரும்பவில்லை என்பதில் எனக்கு நிம்மதி. ஆனால் வரவேயில்லை என்பது அதைவிடக் கஷ்டமாக இருந்தது. அன்று இரவு அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது கடிதத்தை வாசித்துக் காட்டி, பாடத்துக்காகக் கேட்டேன்.

“நீங்க யாரையாச்சும் மிஸ் பண்றீங்களாப்பா?”

அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். பிசைந்ததை வாயில் வைக்கவில்லை.

“எனக்கென்ன, நீதான் இருக்கியே” என்றார்.

எனக்கு வாக்கியம் கிடைத்துவிட்டது. என் அப்பா யாரையும் மிஸ் பண்ணுவதில்லை என்று நல்ல கையெழுத்தில் ஆங்கிலத்தில் எழுதி, அவருக்குப் படித்துக் காட்டிப் பொருளும் சொன்னேன். எழுத்துப் பிழை இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போனார். நான் விளக்கடியில் உட்கார்ந்து ஒவ்வொரு சொல்லாக அகராதியோடு ஒத்துப் பார்த்தேன். ஒரு பிழையும் இல்லை.