ஒரே பக்கம் திரும்பும் வளையம்

செவ்வாய்க்கிழமை பிற்பகல் மங்களம் தொலைபேசியில் அழைத்தாள். "முடிஞ்சிடுச்சு அக்கா. வீட்டுலதான்" என்றாள். அவளுடைய கணவர் ரத்தினசாமியை அறிந்த நண்பர்களாகிய நீங்கள் என்னைக் கடிந்துகொள்ளலாம். எனக்கு முதலில் வந்தது துக்கம் அன்று, நிம்மதி.

சாந்த்ராகாச்சி ரயில்வே குடியிருப்பில் பிறந்து, அங்குள்ள ஏரியில் நீந்தக் கற்று, ஹூக்ளி ஆற்றில் மூழ்கிய படகுகளையும் அறுந்த நங்கூரங்களையும் தேடி எடுப்பதைத் தொழிலாகக் கொண்டவர் அவர். பெஹாலாவில் எங்களுக்கு மேல்தளத்தில் குடியிருந்தார். அவர் மணிக்கட்டில் இருந்த தடித்த எஃகுக் கடிகாரத்தை நீங்கள் மறந்திருக்க முடியாது. நான் கல்லூரியில் வரலாறு கற்பித்தவள் என்பதால் அதன் வரலாற்றைக் கேட்டேன். ஐம்பதுகளில், முதுகில் காற்று உருளையைச் சுமந்து மூழ்கத் தொடங்கியவர்களுக்காகச் செய்யப்பட்ட கருவியாம். நீர் புகாத திருகு, இருளில் ஒளிரும் முட்கள், விளிம்பில் திரும்பும் வளையம். பின்னர் மூழ்குவோருக்கான கையடக்கக் கணினிகள் அந்த வேலையைப் பறித்துக்கொண்டன. கடிகாரம் செல்வந்தர்களின் ஆபரணமாயிற்று. வேலை போனபின் மதிப்பு ஏறும் பாக்கியம் நம்மில் யாருக்கும் வாய்க்கவில்லை.

ஹூக்ளியில் கடலோதத்தோடு நீர் ஏறுவதற்கும் இறங்குவதற்கும் நடுவே சற்று அசையாமல் நிற்கும். அதற்குள் மூழ்கி, மேலே வந்துவிட வேண்டும். அடியில் சேறு, தன் கை தனக்கே தெரியாது. கடிகாரத்தை முகக் கண்ணாடியோடு ஒட்டிப் பிடித்தால் பச்சையாக இரண்டு முட்கள் தெரியுமாம். இறங்கிய நேரத்தைக் குறிக்கும் வளையம் ஒரு பக்கம்தான் திரும்பும். எதிலாவது இடித்து நகர்ந்தாலும், கழிந்த நேரத்தைக் கூட்டிக் காட்டுமே தவிர, குறைத்துக் காட்டாது. "ஏமாத்தினாலும் மேல அனுப்புற பக்கமாத்தான் ஏமாத்தும், புரொபசர்" என்பார்.

டாலிகஞ்சில் ஒரு கல்யாணப் பந்தியில், அதே வகைக் கடிகாரத்தைப் புதிதாக அணிந்திருந்த இளைஞன் ஒருவன் அவரிடம், "அங்கிள், உங்களது ஒரிஜினலா?" என்று கேட்டான்.

"தெரியாது தம்பி. இதுவரை தண்ணி உள்ளே போனதில்லை. உங்களது எவ்வளவு ஆழம் போயிருக்கு?"

"ஒருதரம் ரசத்துல விழுந்திருக்கு."

அந்தப் பதிலுக்காகவே அவனைத் தம் கடிகாரத்தின் வளையத்தைத் திருப்பிப் பார்க்க அனுமதித்தார்.

சென்ற மாதம் அவருடைய நுரையீரல் கைவிட்டது. சுவாச இயந்திரம் பொருத்தலாம், ஆனால் மீளமாட்டார் என்று மருத்துவர் மங்களத்தை, இங்குள்ளவர்கள் சித்தியை அழைப்பதுபோல், 'மாஷிமா' என்றழைத்துத் தணிந்த குரலில் விளக்கினார். வெளிநாட்டிலிருந்து மகன், பொருத்தியே ஆகவேண்டும் என்றான். இயந்திரம் வேண்டாம் என்று ரத்தினசாமி முன்பே பலமுறை சொல்லியிருந்தார்: "நீர் திரும்புற நேரத்துல, அடியில இன்னும் வேலை இருக்குன்னு நிக்கக்கூடாது." சொல்வது அவருக்கு எளிது, முடிவெடுக்க வேண்டியவள் மங்களம்.

"நான் அவசரப்படறேனா அக்கா?" என்றாள். மருத்துவமனையார் கழற்றிக் கொடுத்த கடிகாரம் அவள் கையில் இருந்தது. அவள் வளையத்தைக் கொஞ்சநேரம் டிக் டிக்கென்று திருப்பிக்கொண்டிருந்தாள். பிறகு மகனிடம், "அப்பாவை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன்" என்றாள்.

வீட்டில் ஜன்னலோரம் படுத்திருந்தார். திங்களன்று ஒரு கரண்டித் தேநீரைச் சுவைத்துவிட்டு, சர்க்கரை போதவில்லை என்று குறைபட்டார். குழாய் செருகிய வாயால் குறைபட முடியாது. மறுநாள் உறக்கத்திலேயே போனார்.

கடிகாரத்தை வங்கிப் பெட்டகத்தில் வைக்கச் சொன்னான் மகன். மங்களம் கேட்காமல் தன் கையில் கட்டிக்கொண்டாள்; அவள் காய் நறுக்கும்போது அது முழங்கைவரை சரிகிறது. எனக்கென்று நான் வைத்துக்கொண்டது அந்த வளையத்தின் ஒருபக்கப் பிடிவாதத்தை. என் அண்ணன் மகளிடம் சொல்லிவிட்டேன்: என் கடைசி நேரத்தில் கணக்குத் தவறினால், இயந்திரத்தில் இழுத்துப் பிடிக்காமல் மேலே வரும் பக்கமாகவே தவறட்டும். அவள் முகம் சுளித்தாள், மறுக்கவில்லை. அதுவும் ஒரு நிம்மதி.