சம்பந்தி பெயருக்கு ஏற்றிய எள் விளக்கு

அன்பர்களே, குச்சனூர் சனீஸ்வரனிடம் போகிறவர்கள் எல்லாரும் "என்னை விட்டுவிடு சாமி" என்றுதான் கேட்பார்கள். நான் "அந்த ஆளைப் பிடி சாமி" என்று கேட்டவன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் இதை மறைத்தால் சாமி எனக்குச் செய்த உதவியையும் மறைக்க வேண்டியதாகிவிடும்.

எனக்கு ஊர் மார்க்கையன்கோட்டை. வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருக்கிறேன். பர்மாவிலிருந்து சனங்கள் நடந்தே திரும்பி வந்த வருஷம் என் பேத்தி வீராயிக்குக் காது குத்தினோம். அவளுக்கு மூன்று வயது. தாய்மாமன் மடியில் வைத்துத்தான் காது குத்துவது வழக்கம். மருமகளின் அண்ணன் சீர்த்தட்டோடு வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்தான். எனக்கு என்ன வந்ததோ தெரியவில்லை. "எம் வீட்டுப் பிள்ளைக்கு எம் மடி பத்தாதா?" என்று பிள்ளையைப் பிடுங்கி என் மடியில் வைத்துக்கொண்டேன்.

தாய்மாமன் எழுந்து போனான். அவன் தகப்பனார், என் சம்பந்தி ராமசாமி, பின்னாலேயே போனார். மருமகள் அழுதுகொண்டே வீராயியையும் கைக்குழந்தையையும் தூக்கிக்கொண்டு நடந்தாள். ஒரு வாரத்தில் என் மகனும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு குச்சனூரில் மாமனார் வீட்டுக்கே போய்விட்டான்.

ஒன்றரை வருஷம் ஓடியது. எனக்குச் சோறு இறங்கவில்லை. சம்பந்தியை நினைத்தாலே வயிறு எரிந்தது. என் மகன் பெற்ற பிள்ளைகளை அந்த மனிதர் வில்வண்டியில் வைத்து ஊர் சுற்றுகிறார், நான் யாரோ மாதிரி தூரத்தில் நிற்கிறேன்! சனிக்கிழமை காலையில் பிள்ளைகளைக் கோயிலுக்குக் கூட்டி வருகிறார் என்று தெரிந்ததும் நானும் போக ஆரம்பித்தேன்.

என் சம்சாரத்துக்குப் புரிந்துவிட்டது. "சாமி கும்பிடப் போறீகளா, எட்டிப் பாக்கப் போறீகளா?" என்றாள். நான் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

முதல் சனிக்கிழமையே பார்த்தேன். வீராயி அவர் தோளில் உட்கார்ந்து கரும்பு தின்றுகொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் அவர் காதருகே குனிந்து, "தாத்தா, அந்தத் தாத்தா ஏன் நம்மளயே பாக்குறாக?" என்றாள்.

அந்தத் தாத்தா! அவர்கள் போகும்வரை பொறுத்திருந்து நேரே பூசாரியிடம் போனேன்.

"எள்ளு வெளக்கு ஒண்ணு."

"யாரு பேருக்கு?"

"ராமசாமி. சிம்ம ராசி, மக நட்சத்திரம்." கல்யாணப் பேச்சின்போது அவரே நாலு தடவை பீற்றிக்கொண்டது.

பூசாரி என்ன சொல்லி அர்ச்சனை செய்தார் என்று நான் காது கொடுக்கவில்லை. மனதுக்குள், "இந்த ஆளைப் பிடி. ஏழரை வருஷம் விடாதே" என்று கேட்டுக்கொண்டேன். யுத்த காலம், நல்லெண்ணெய் கிடைப்பதே பாடு. அப்படியும் ஒன்பது வாரம் விடாமல் ஏற்றினேன். அந்த மனிதருக்கு ஒரு தும்மல்கூட வரவில்லை. பசு கன்று போட்டது. நெல் நன்றாக விளைந்தது. சாமி மேலேயே எனக்குக் கோபம் வந்துவிட்டது.

பத்தாவது வாரம் ஒரு காலை நேரம். கொடிக்காலில் வெற்றிலை கிள்ளிக்கொண்டிருந்தேன். வண்டி வந்து நின்றது. சம்பந்தி இறங்கினார். பின்னால் வீராயி, அவர் இடுப்பில் பேரன்.

"சம்பந்தி, நேத்துத்தான் பூசாரி சொன்னாக. வாராவாரம் எம் பேருக்கு வெளக்குப் போடுறீகளாம். பெத்த பிள்ளைககூட எனக்காக இப்படி வேண்டல. நாந்தான் ஒங்களத் தப்பா நெனச்சுட்டேன்." அவர் கண் கலங்கியிருந்தது. "போ ஆத்தா, தாத்தாகிட்ட போ."

வீராயி வந்து என் விரலைப் பிடித்தாள்.

வாயை மூடிக்கொண்டிருந்தால் பிள்ளைகள் எனக்குக் கிடைத்துவிடும். ஆனால் அந்தப் பிஞ்சு விரல் கைக்குள் இருக்கும்போது எனக்குப் பொய் வரவில்லை. "ஒங்களப் பிடிக்கச் சொல்லித்தான் வெளக்குப் போட்டேன்" என்று உடைத்துச் சொல்லிவிட்டேன்.

அவர் முகம் கறுத்தது. பிள்ளையை என்னிடமிருந்து விலக்கி வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். நான் வரப்பில் உட்கார்ந்து அழுதேன். வீட்டுக்கு வந்து சொன்னேன். என் சம்சாரம் திட்டவில்லை. "இத்தன வாரத்துல இன்னைக்குத்தான் ஒழுங்கா சாமி கும்பிட்டிருக்கீக" என்றாள்.

அடுத்த சனிக்கிழமை முதல் தடவையாக என் பெயருக்கே விளக்கு ஏற்றினேன். "சாமி, என்னைப் பிடித்து ஆட்டுகிற இந்தப் பொறாமையை எடுத்துவிடு. பிள்ளைகள் யாரைத் தாத்தா என்று கூப்பிட்டாலும் நன்றாக இருக்கட்டும்" என்று கேட்டேன்.

பின்னால் ஒரு குரல் பூசாரியிடம் என் பெயரைச் சொல்லி எள் விளக்கு கேட்டது. திரும்பினேன். சம்பந்தி!

"பிடிக்கவா, விடவா சம்பந்தி?" என்றேன்.

"அது எனக்கும் சாமிக்கும்" என்றார். முகத்தை விறைப்பாக வைத்துக்கொள்ளத்தான் பார்த்தார், முடியவில்லை. சிரித்துவிட்டார். வீராயி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு அவளும் சிரித்தாள்.

தை மாதம் பேரனுக்கு அதே கோயிலில் காது குத்தினோம். பிள்ளை தாய்மாமன் மடியில்தான் இருந்தான். அந்த மாமன் கையை நான்தான் பிடித்துக் கூட்டி வந்தேன். "தலைய நீங்க பிடிங்க சம்பந்தி, ஆட்டிருவான்" என்றார் ராமசாமி. பிடித்துக்கொண்டேன். மகனும் மருமகளும் இப்போது எங்கள் வீட்டில்தான் இருக்கிறார்கள்.

பிள்ளைகளைப் பிரிந்து வாடுகிற பெரியவர்கள் யாராவது இதைக் கேட்டால், ஒரு சனிக்கிழமை குச்சனூருக்குப் போய்வாருங்கள். மனதில் இருப்பதை அப்படியே சொல்லுங்கள். நாம் கோணலாகக் கேட்டாலும் அவர் நேராகத்தான் செய்வார். சம்பந்தியின் வில்வண்டிச் சத்தம் கேட்டு வீராயி ஓடும்போது எனக்கு இன்னமும் லேசாக வயிறு எரியும். அந்த வாரம் இரண்டு விளக்காக ஏற்றிவிடுவேன். யார் பேருக்கு என்று பூசாரி கேட்டால், சம்பந்தி பெயரை முதலில் சொல்வேன்.