நான்காம் மாடி அறை

ஊட்டி பஸ் ஸ்டாண்டுக்கு மேலே, சரிவில் நிற்கும் ஒரு லாட்ஜில் கீர்த்திவாசன் மேனேஜர். வீடு அதே ஊரில், காந்தலில். சீசனில் அவர் வீட்டுக்கு வருவதே அபூர்வம் என்பதால், ப்ளஸ் ஒன் படித்த மகள் ராஜப்ரியா புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு கவுன்டருக்கே வந்துவிடுவாள்.

"ஏனுங்கப்பா, இரும்பு அணுவுல மூணாவது கூட்டுல எடம் காலியா இருக்கு. எலெக்ட்ரான் அத உட்டுப்போட்டு நாலாவதுக்கு ஏன் போகுது?"

கீர்த்திவாசனுக்கு வேதியியல் தெரியாது. அறை ஒதுக்கத் தெரியும். மூன்றாம் மாடியின் பின்பக்க ஐந்து அறைகளிலும் சுவரெல்லாம் ஈரம் கசியும் ஓதம். நான்காம் மாடியில் இருப்பது ஒரே அறை. காலை வெயில் நேராகக் கட்டிலில் விழும்.

"படியேறுனாலும் பரவால்லைன்னு மேல் ரூமத்தான் கண்ணு மொதல்ல கேப்பாங்க. அது நெறஞ்சாத்தான் பின்னாடி ரூமு."

"அப்ப காலி பண்றப்போ?"

"கடைசியா வந்து ஓதத்துல படுத்தவன்தான் மொதல்ல ஓடுவான்."

தேர்வில் அப்படியே எழுதினாள்: எலெக்ட்ரான் முதலில் போவது மூன்றாவது கூட்டிலிருந்து. தவறு. வெளியே இருக்கும் நான்காவதிலிருந்துதான் போகும்.

விடைத்தாளைக் கீர்த்திவாசனும் பார்த்தார். அதன்பின் பாடத்தில் எதைக் கேட்டாலும் ஒரே பதில்தான். "டீச்சரக் கேளு கண்ணு."

ராஜப்ரியா கோவையில் கல்லூரி ஆசிரியை ஆனாள். அணு அமைப்பை அந்த லாட்ஜிலிருந்துதான் தொடங்குவாள். ஒருமுறை போனில் அதைச் சொன்னாள்.

"தப்புப் பாடத்தையா நடத்தறே? சம்பளத்தப் புடிச்சுருவாங்க."

"நெறையறது சரிங்கப்பா. காலி பண்றதுதான் தப்பு. ஒரு நாள் வந்து கடைசி பெஞ்சுல உக்காந்து கேளுங்க."

"சீசன் முடியட்டும்."

சீசன் முடிந்தது. அடுத்ததும் வந்து முடிந்தது. மழையில் நெஞ்சில் சளி கட்டி ஆஸ்பத்திரியில் படுத்தவர், ஆக்சிஜன் மாஸ்க்கை விலக்கிச் சொன்னது ஒன்றே ஒன்று.

"அந்த மார்க்கு என்னாலதான் போச்சு."

"பாதிதானுங்கப்பா தப்பு," என்றாள். காதில் விழுந்ததா என்று தெரியவில்லை. மறுநாள் அவர் இல்லை.

காரியம் முடிந்து வகுப்புக்குப் போனாள். பாடம் அதுதான். லாட்ஜைச் சொன்னாள், வெயில் விழும் அறையைச் சொன்னாள். பிள்ளைகள் சிரித்தார்கள்.

"மேம், அந்த மேனேஜர் நெசமாலுமே இருக்காருங்களா?" என்றாள் ஷண்முகப்ரியா என்ற மாணவி.

ராஜப்ரியா பலகைக்குத் திரும்பி, நான்காவது கூட்டில் எலெக்ட்ரான்களாக வரைந்திருந்த இரண்டு அம்புகளில் ஒன்றை அழித்தாள்.

"இதுதான் மொதல்ல போகும். எழுதிக்குங்க."