மச்சாளுக்கு முதலில் வந்த பதிவு

டொக்டர்மார் எழுதிக்கொடுக்கும் கஞ்சா மருந்தைப் பொதி செய்யும் ஒரு கம்பனியில் வேலை செய்கிறேன். அது லண்டனில் பார்க்கிங் என்ற ஊரில் இருக்கிறது. பொலிஸ் சோதனை முடிந்து பெயர் பதிவானவர்கள்தான் அங்கே மருந்து அறைக்குள் போகலாம். மற்றவர்கள் வெளியே இருந்து பெட்டி மடிக்க வேண்டும்.

கணவரின் தங்கை சுகந்தியை அங்கே சேர்த்துவிட்டதே நான்தான். ஆனால் எனக்குப் பின்னால் விண்ணப்பித்த அவளுக்குப் பதிவு முதலில் வந்துவிட்டது. மருந்து அறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் வெள்ளைக் கோட்டுடன் நிற்பதைப் பார்க்க எனக்கு வயிறு எரிந்தது. என்னைப் பற்றி ஏதோ கோள் சொல்லியிருக்கிறாள் என்று நினைத்து, அவளோடு கதைப்பதையே நிறுத்திவிட்டேன்.

ஒருநாள் சாப்பாட்டு நேரம் அவளாகவே வந்தாள்.

"மச்சாள், விண்ணப்பத்திலை கலியாணத்துக்கு முந்தின பேர், பழைய விலாசம் எல்லாம் எழுதினீங்களோ? விட்டா, மறைச்சதெண்டு நினைப்பினம்."

அவளுக்கு முன்னமே விண்ணப்பித்துவிடவேண்டும் என்ற அவசரத்தில், முன்பு ஸ்ட்ரெதமில் குடியிருந்த நாலு வருடத்தையும் எழுதாமல் விட்டிருந்தேன். மனேஜரிடம் ஓடினேன்.

"நல்ல நேரம் வந்தீர்கள். விலாசத்தை மறைத்தீர்கள் என்று உங்களை வேலையில் இருந்து நிற்பாட்டும் கடிதம் இன்றைக்குப் போக இருந்தது" என்றார் அவர்.

திருத்திக் கொடுத்தேன்; அடுத்த மாதம் பதிவு வந்தது. இப்போதும் யாராவது என்னை முந்தினால் எரிச்சல் வரத்தான் செய்கிறது. ஆனால் மனதுக்குள் பொருமிக்கொண்டிருக்காமல், "எப்பிடிச் செய்தனீங்கள்?" என்று நேரே போய்க் கேட்டுவிடுகிறேன்.