காதுக்குக் கொடுக்கிற கூலி

அந்த மாதம் முழுக்க எங்கள் வீட்டில் சாப்பாட்டு நேரத்துச் சண்டை ஒரு டீஜேயைப் பற்றித்தான். வியாசர்பாடிப் பையன். பெரிய கிளப்புகளில் பாட்டு போட ஒரு ராத்திரிக்கு லட்சக்கணக்கில் வாங்குகிறானாம். "பட்டன அமுக்கறதுக்கு இம்மாம் துட்டா? நானுந்தான் காலீலேந்து பட்டன் அமுக்கிகினு கீறேன்" என்பார் என் கணவர். சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் தகடு வெட்டும் மெஷினில் அவருக்கு வேலை. இந்த விஷயத்தில் நானும் அவர் கட்சிதான். ஆனால் நான் சொல்வது அவருக்குச் சட்டென்று எட்டாது. இரண்டு தடவை "இன்னா?" என்பார், மூன்றாவது தடவை நான் கத்துவேன், கத்தியதற்குத்தான் சண்டை. வேலை அசதி, அதனால் கவனமில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

திருவொற்றியூரில் ஒரு சின்ன கிளினிக்கில் காது பரிசோதிப்பது என் வேலை. சத்தம் நுழையாத, பீரோவைவிடக் கொஞ்சம் பெரிய அறை ஒன்று அங்கே உண்டு. கதவைச் சாத்தினால் எண்ணூர் ரோட்டில் போகிற கண்டெய்னர் லாரிகூட இல்லாமல் போய்விடும். தன் நெஞ்சு அடிப்பது தனக்கே கேட்கும். பயந்துபோய்ப் பாதியில் எழுந்து வந்தவர்கள் இருக்கிறார்கள். கண்ணாடிக்கு இந்தப் பக்கமிருந்து நான் ஒவ்வொரு ஒலியாக அனுப்புவேன். கேட்டால் உள்ளே இருப்பவர்கள் கையிலிருக்கும் பட்டனை அமுக்க வேண்டும். என் மேஜையில் சிவப்பு விளக்கு எரியும்.

முறைப்படி எனக்கு முதுகைக் காட்டித்தான் அவர்கள் உட்கார வேண்டும். கம்பெனிகளிலிருந்து வருஷத்துக்கொரு முறை வருகிற தொழிலாளிகளை மட்டும் நான் என்னைப் பார்த்தபடி உட்கார வைப்பேன். என் கை அசைவதைப் பார்த்து அமுக்குவார்கள், பாஸாகிவிடுவார்கள். காது மந்தம் என்று எழுதினால் வேலை போய்விடுமே. என் கணவருக்கும் மூன்று வருஷமாக அப்படித்தான் பாஸ் போட்டேன். நல்லது செய்வதாகவே நினைத்திருந்தேன்.

ஒரு மத்தியானம், நான் டிபன் பாக்ஸைத் திறக்கப் போகும்போது, தொப்பியும் மாஸ்க்குமாக அந்த டீஜேயே வந்து நின்றான். மாஸ்க்கை இறக்கியதும்தான் அடையாளம் தெரிந்தது. மற்ற இடங்களில் முகம் தெரிந்துவிடும் என்று இங்கே வந்திருக்கிறான். வெளிநாட்டு நிகழ்ச்சிகளுக்குக் கையெழுத்துப் போடும்முன் காது நன்றாக இருப்பதாகச் சர்டிபிகேட் கேட்கிறார்களாம். இவ்வளவு வாங்குகிறவனுக்கு நான் எதற்கு இரக்கம் காட்ட வேண்டும்? நாற்காலியைச் சுவர் பக்கம் திருப்பிப் போட்டேன்.

தடித்த ஒலிகளுக்குச் சரியாக அமுக்கினான். மெல்லிய விசில் போன்ற ஒலிகளுக்கு விளக்கு எரியவே இல்லை. வரைபடத்தில் கோடு ஒரே இடத்தில் பள்ளத்தில் இறங்கியது. அந்தப் பள்ளத்தை எனக்குத் தெரியும். இரும்படிக்கிறவர்கள் எல்லோருக்கும் அங்கேதான் விழும்.

பிறகு விளக்கு எரிந்தது. அணைந்தது. மறுபடி எரிந்தது. நான் எதையும் அனுப்பவில்லை. கைகளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். அப்போதும் விளக்கு சீராக எரிந்து அணைந்துகொண்டிருந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவன் பிடரி மட்டும் லேசாக ஆடியது. சற்று நேரம் கழித்துத்தான் கவனித்தேன், மேஜைக்கடியில் என் கால் அந்த விளக்குக்குத் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. இல்லாத சத்தத்துக்கு. ஓடிப்போய்க் கதவைத் திறந்தேன்.

"சத்தத்த எப்பவோ நிறுத்திட்டேன், தம்பி."

அவன் திரும்பிப் பார்த்தான். "எனுக்கு காதுக்குள்ள வந்துகினே கீதேக்கா. ரெண்டு வருசமா நிக்கவே இல்ல."

"அப்புறம் எப்படி நீ பாட்டு போடற?"

"காலப் பாப்பேன். கூட்டத்தோட கால் எப்ப எழும்புது, எப்ப வுழுதுன்னு பாத்து அடுத்தத எடுத்து வுடுவேன். அத்தினி பேரு வாயத் தொறந்து கத்துவாங்கோ. எனுக்கு அது பாதி ஊமப்படம்." சுவரைப் பார்த்துக் கிடந்த நாற்காலியைக் காட்டிக் கேட்டான். "நீ ஏன்க்கா சேரத் திருப்பின? உன் கையப் பாக்க வுட்டிருந்தா பாஸாயிருப்பேன்ல?"

பாஸாகியிருப்பான். நாளைக்கே போய் மிச்சக் காதையும் அதே சத்தத்தில் வைத்திருப்பான். உள்ளதை உள்ளபடி எழுதிக் கொடுத்தேன். காகிதத்தை மடித்துத் தொப்பிக்குள் செருகிக்கொண்டு போனான். அவன் வாங்குகிற பணம் அதிகம் என்று அதன்பின் எனக்குச் சொல்ல வரவில்லை. காதை எடுத்துக்கொள்கிறார்கள், அதற்கு விலையாவது தருகிறார்கள். அதே பள்ளத்தோடு என்னிடம் வந்தவர்களுக்குக் கூலியில் ஒரு பைசா கூடியதில்லை. அவர்களுக்குக் கிடைத்தது என் கையெழுத்துதான். அந்தக் கையெழுத்தை நினைத்து அன்று எனக்கு என்மேலேயே அருவருப்பு வந்தது.

டிபன் பாக்ஸை நான் திறக்கவில்லை. பொழுது சாயும் நேரத்தில் என்னை அழைத்துப்போக என் கணவர் வண்டியில் வந்தார். கிளினிக்கில் வேறு யாருமில்லை. தோளைத் தொட்டு, முகம் பார்த்துச் சொன்னேன். "கொஞ்சம் உள்ள உக்காரு."

"போன மாசந்தானே டெஸ்டு எடுத்த?"

"பரவால்ல, உக்காரு."

சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். கதவைச் சாத்தினேன். அந்த மெல்லிய விசில் ஒலியை அனுப்பினேன். சத்தத்தை ஒரு படி ஏற்றினேன். இன்னொரு படி. சிவப்பு விளக்கையே பார்த்துக்கொண்டு ஏற்றிக்கொண்டே போனேன். அதற்கு மேல் மெஷினில் இடமில்லை.

அவர் முதுகு அசையவில்லை. பட்டனை நன்றாகப் பிடித்துக்கொண்டு, திரும்பாமலே உள்ளே இருக்கும் மைக்கில் சொன்னார்.

"ரெடிமே. ஆரம்பி."