தேரைகளுக்கு வழிவிட்ட மாலை

என்னுடைய எட்டாவது பிறந்தநாளுக்குச் சித்தப்பா வராவிட்டால் கேக் வெட்டமாட்டேன் என்று நான் அடம்பிடித்தேன். அந்த அடம் எங்கள் குடும்பத்தையே பொலிசில் மாட்டிவிடப் பார்த்தது.

சித்தப்பா யாழ்ப்பாணத்திலிருந்து வந்து அப்போது ஐந்து மாதம். ஜெர்மனியில், டார்ம்ஸ்டாட்டில் இருந்த எங்கள் வீட்டிலிருந்து அவருடைய அகதி முகாம் அரை மணி நேரக் கார் ஓட்டம்தான். ஆனால் நடுவே ஒரு மாவட்ட எல்லை கிடந்தது. அனுமதிக் கடிதம் இல்லாமல் அவர் அதைத் தாண்டக்கூடாது. பிடிபட்டால் அவருடைய அகதி வழக்குக்குக் கூடாது என்று அப்பா சொல்வார். கடிதத்துக்கு எழுதிப் போட்டார்கள். பிறந்தநாள் வந்தது, கடிதம் வரவில்லை. என் அழுகையைத் தாங்கமாட்டாமல் அப்பா காரை எடுத்தார். நானும் தொற்றிக்கொண்டேன்.

மார்ச் மாதத் தொடக்கம். அன்று மத்தியானம்தான் நாரைக் கூட்டமொன்று பள்ளிக்கூடத்துக்கு மேலே கத்திக்கொண்டு வடக்கே போயிருந்தது. முகாம் வாசலில் மஞ்சள் அலகுக் கறுப்புக் குருவி ஒன்று, குளிர் முடிந்துவிட்டதென்று ஊருக்கு அறிவித்துக்கொண்டிருந்தது. சித்தப்பாவை ஏற்றிக்கொண்டு திரும்பும்போது பொழுது சாய்ந்து, குளிர் விட்ட முதல் மழை தூறியது.

காட்டுப் பாதையில் ஒரு வளைவு. அங்கே மினுங்கும் மஞ்சள் அங்கி போட்ட ஒருவர் நடுரோட்டில் நின்று, கைவிளக்கை ஆட்டி மறித்தார்.

“துலைஞ்சம் அண்ணை,” என்றார் சித்தப்பா.

அப்பா காரை மெதுவாக நிறுத்தினார். எஞ்சினை நிறுத்தி, முன்விளக்கை அணைத்து, உள்விளக்கைப் போட்டார். இரண்டு கைகளையும் வெளியே தெரியும்படி ஸ்டியரிங்கின் மேல் வைத்தார். சித்தப்பாவும் தன் கைகளை முழங்காலில் விரித்து வைத்துக்கொண்டார். இருவருக்கும் அது பழகிப்போன காரியம்போல இருந்தது. பொலிஸ் சித்தப்பாவைப் பிடிக்காமல் விட்டுவிட்டால் இனிக் கேக்கே தின்னமாட்டேன் என்று பிள்ளையாருக்கு நேர்ந்துகொண்டேன்.

வந்தவர் அறுபது வயது மதிக்கத்தக்க ஒரு ஜெர்மன் பெண். கையில் வாளி. அப்பா கண்ணாடியை இறக்கி, தன்னுடைய அடையாள அட்டையையும் சித்தப்பாவுடையதையும் நீட்டினார். அந்தப் பெண் அவற்றை ஏறிட்டும் பாராமல் உற்சாகமாகப் பேசிக்கொண்டே போனார். பதற்றத்தில் அப்பாவுக்குத் தெரிந்த ஜெர்மனும் பறந்துவிட்டது.

“என்னவாம் பிள்ளை?”

“தேரையள் குளத்துக்குப் போறதுக்கு ரோட்டைக் கடக்குதாம் அப்பா. தான் சொல்லாமலே நீங்கள் லைற்றை நூத்ததுக்கு நன்றியாம். மற்றக் கார்க்காரர் எல்லாம் ஹோர்ன் அடிக்கிறவையாம்.”

அப்பா நீட்டிய அட்டைகளைத் திரும்பச் சட்டைப்பையில் போட்டார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். எனக்கும் உயிர் வந்தது.

அந்தப் பெண்ணுக்கு ஆள் போதவில்லை. உதவ முடியுமா என்று கேட்டதும் சித்தப்பா இறங்கிவிட்டார். மழையில் குந்தியிருந்து, தேரைகளை ஒவ்வொன்றாகத் தூக்கி வாளியில் இட்டு, ரோட்டின் மறுகரையில் கொண்டுபோய் விட்டார். ஒரு பெரிய தேரையின் முதுகில் சின்னது ஒன்று சவாரி செய்தது.

“இஞ்சை பார், காவிக்கொண்டெல்லோ போகுது!”

அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததேயில்லை. கடைசியில் உதவியவர்களின் பெயரை எழுதச் சொல்லி அந்தப் பெண் கொப்பியை நீட்டியபோதுதான் அந்தச் சிரிப்பு நின்றது. நான் கொப்பியை வாங்கி, அவருடைய பெயருக்குப் பதிலாக என் பெயரை எழுதினேன்.

வீட்டில் கேக் வெட்டி, இரண்டு துண்டு தின்றேன். பிள்ளையார் விஷயத்தை யாரிடமும் சொல்லவில்லை. மறுநாள் சித்தப்பாவைத் திரும்பக் கொண்டுபோய் விட்டபோதும் வழியில் யாரும் மறிக்கவில்லை.

திங்கட்கிழமை வகுப்பில் எழுந்து நின்று கதை முழுவதையும் சொன்னேன். தேரை கடக்கும் இடத்தில் காரை எப்படி நிறுத்துவதென்று அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் யாரும் சொல்லித்தரத் தேவையில்லை என்றேன். எல்லோரும் கைதட்டினார்கள். இராணுவச் சோதனைச்சாவடி என்ற சொல்லையே அதுவரை கேட்டறியாத நான், யாழ்ப்பாணத்தில் எல்லோருக்கும் இது தெரியும், அங்கே அவ்வளவு தேரைகள் இருக்கின்றன என்று பெருமையோடு சொல்லிவிட்டு உட்கார்ந்தேன்.