சுரண்டாத இடம்

கப்பல் ஓடி நாற்பது வருடம் ஆகிறது. ஆயிரம் பேரைச் சுமந்து கடல் தாண்டிய கப்பல், இப்போது கரையோரம் கட்டிக் கிடக்கிறது. டிக்கெட் வாங்கினால் சுற்றிப் பார்க்கலாம். அதில் குடியிருந்தவர் ஒரே ஒருவர்தான். டொக்கு அண்ணன்.

காலையில் சின்னச் சுத்தியலோடு அடித்தளத்துக்கு இறங்கி, தகடுகளை ஒவ்வொன்றாகத் தட்டுவார். நல்ல இரும்பு கணீரென்று பதில் சொல்லும். துரு தின்றது 'டொக்' என்று வாயை மூடிக்கொள்ளும். அங்கே சாக்குக்கட்டியால் பெருக்கல் குறி போடுவார். மேலே டிக்கெட் கிழிக்கும் எங்களுக்கு அவர் பெயர் அந்தச் சத்தத்திலிருந்து கிடைத்ததுதான்.

மனைவி போன பிறகு கப்பலுக்கே வந்துவிட்டார். மூன்றாம் வகுப்பில் கடைசி அறை, இரண்டடி அகலக் கட்டில். மேலே முதல் வகுப்பு முழுக்கக் காலியாகத்தானே கிடக்கிறது என்று ஒருநாள் கேட்டேன்.

"அங்க கட்டில் ரொம்பப் பெருசுப்பா. பக்கத்துல ஆள் இல்லன்னு காட்டிக் குடுத்துரும்."

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். நான் சிரிக்கலாமா என்று தெரியவில்லை.

ஞாயிறுதோறும் மகள் போன் செய்து வீட்டுக்குக் கூப்பிடுவாள். அந்தக் கப்பல் என்ன உங்கள் மூத்த பெண்ணா என்று குத்திக் காட்டுவாள். அடுத்த மாசம் பார்க்கலாம் என்பார். எந்த மாசம் என்று அவளும் கேட்பதை விட்டுவிட்டாள்.

இந்த வருடம் கப்பலைப் பழுதுபார்க்கும் துறைக்கு இழுத்துப் போக முடிவானது. உடம்பு தாங்குமா என்று சோதிக்க ஒரு சர்வேயர் வருவதாக இருந்தது. அவருடைய கருவி தகட்டின் கனத்தை அளக்கும்; ஆனால் பெயிண்டையும் இரும்பென்றே நம்பிவிடும். அதனால் குறித்துக் கொடுத்த அறுபது இடங்களில் பெயிண்டைச் சுரண்டி வைக்கும் வேலை அண்ணனுக்கு வந்தது.

ஐம்பத்தொன்பதைச் சுரண்டினார். அவருடைய அறைக்கு நேர் கீழே இருந்த ஒன்றைத் தொடவில்லை. அது 'டொக்' என்று சொல்லி இரண்டு வருடமாகிறது. போட்ட குறியை அவரே அழித்து, அதன்மேல் பூச்சுமேல் பூச்சாக அடித்து வைத்திருந்தார். தகடு மெலிசென்று தெரிந்தால் இழுக்க விடமாட்டார்கள். இழுக்க முடியாத கப்பலை உடைப்பவனுக்கு விற்றுவிடுவார்கள். அதுதான் அவருடைய பயம்.

சர்வேயர் அவசரக்காரர். அரை இருட்டில் அந்த இடத்தில் கருவியை வைத்தார், ஒன்பது மில்லிமீட்டர் என்று எழுதினார், நகர்ந்தார். விளக்குப் பிடித்திருந்த அண்ணன் நகரவில்லை.

"சார், அது ஒன்பது இல்ல."

"மிஷின் சொல்லுதே."

"அதுக்கென்ன தெரியும். பெயிண்ட் அடிச்சவன் நான்தான். நடுக்கடல்ல பிச்சுக்கிட்டா, இழுக்கற படகுல இருக்கறவனும் போயிருவான்."

அண்ணனே உட்கார்ந்து சுரண்டினார். இப்போது கருவி நான்கு மில்லிமீட்டர் காட்டியது.

"இது மேலயா தூங்கிட்டிருந்தீங்க?"

"பழகிருச்சு சார்."

அண்ணன் பயந்தபடி நடக்கவில்லை. முக்குளிப்பவர்களை இறக்கி, வெளிப்பக்கம் இன்னொரு தகடு வைத்துப் பற்றவைத்தபின் இழுக்கலாம் என்றார்கள். கப்பல் பிழைத்தது. ஆனால் அறிக்கையின் கடைசியில் சர்வேயர் ஒரு வரி சேர்த்திருந்தார்: இனி இரவில் கப்பலில் யாரும் தங்கக் கூடாது.

அண்ணன் அதைப் படித்து, கையெழுத்துப் போட்டு, ஒரே பையோடு இறங்கிப் போனார்.

இப்போது மகள் வீட்டிலிருந்து பஸ்ஸில் வந்து தட்டிவிட்டுப் போகிறார். போன வாரம் டிக்கெட் கவுன்டருக்கு மகள் போன் செய்தாள். அப்பா வந்து சேர்ந்தாரா என்று கேட்டாள். வந்துவிட்டார் என்றேன். அவள் போனை வைக்கவில்லை.

"புதுசாப் பெரிய கட்டில் வாங்கிப் போட்டேங்க. அதுல படுக்கவே மாட்டேங்கறாரு. பீரோவுக்கும் சுவத்துக்கும் நடுவுல இருக்கற இடுக்குல பாயப் போட்டுக்கறாரு. அங்கயும் இப்படித்தான் படுப்பாரா?"

கீழே தகடுகள் கணீர் கணீரென்று பேசிக்கொண்டிருந்தன. ஆமாம் என்றேன். ஏன் என்று அவள் கேட்டிருந்தால் எனக்குச் சொல்லத் தெரிந்திருக்காது.